பெயர் சொல்லும் பத்து நாட்கள்: பார்சிகளின் முக்தாத்

ஆகஸ்ட் 7, 2025, தாதர்

விடியும் முன்பே மழை பிடித்துக்கொண்டது. தாதர் மேற்கில் இருக்கும் மீனாதாய் தாக்கரே பூ மார்க்கெட்டில் கணுக்காலளவு தண்ணீர். ஷ்ராவண மாதம் வேறு என்பதால் கூடை கூடையாகச் சாமந்தியும் அருகம்புல்லும் வில்வமும் இறங்கிக்கொண்டிருந்தன. தோழி அதையெல்லாம் தாண்டி நேராகச் சம்பங்கிக் கடைக்குப் போனாள். மாலை கட்டுகிற உதிரிப்பூ அவளுக்கு வேண்டாம். காம்போடு, நீளமாக, ஜாடியில் நிற்கிற மாதிரி வேண்டும். கடைக்காரர் அவள் வாய் திறப்பதற்கு முன்பே "பார்சி முக்தாத்தா?" என்று கேட்டு வெள்ளை ரோஜாக் கட்டைப் பிரித்துவிட்டார். வருஷா வருஷம் இந்தப் பத்து நாட்கள் அவருக்கும் மனப்பாடம்.

தோழியின் அப்பா ஜனவரியில் இறந்துபோனார். அவருக்கு இது முதல் முக்தாத். "நீயும் வா, அப்பாவுக்கு உன்னைப் பிடிக்கும்" என்று அவளுடைய அம்மா போனில் சொன்னார். வந்துவிட்டேன்.

பார்சி ஆண்டின் கடைசிப் பத்து நாட்கள்தான் முக்தாத். இந்த ஆண்டு ஆகஸ்ட் 5 முதல் 14 வரை; 15-ஆம் தேதி புத்தாண்டு, நவ்ரோஸ். இறந்தவர்களின் ஃப்ரவஷிகள் இந்தப் பத்து நாளும் தம் வீட்டாரிடம் வந்து தங்குகின்றன என்பது பார்சிகளின் மதமான ஜொராஸ்திரியத்தின் நம்பிக்கை. ஃப்ரவஷியும் ஆன்மாவும் ஒன்று கிடையாது. ஆன்மா இறந்த நான்காம் நாள் விடியலில் சின்வத் பாலத்துக்குப் போய்த் தன் கணக்கை ஒப்புவிக்கிறது. ஃப்ரவஷி மனிதன் பிறப்பதற்கு முன்பே இருப்பது, அவனைக் காப்பது, அவனுக்குப் பிறகும் இருப்பது. உயிரோடிருப்பவர்களுக்கும் உண்டு. "உனக்கும் எனக்கும்கூட" என்றாள் தோழி, ரோஜாக்கட்டை என் கையில் கொடுத்துக்கொண்டே.

ஆகஸ்ட் 8, தாதர் பார்சி காலனி

1890-களின் பிளேக்குக்குப் பிறகு நெரிசலைக் குறைக்க பம்பாய் வடக்கே விரிந்தபோது, மஞ்சேர்ஜி எதல்ஜி ஜோஷியின் முயற்சியில் உருவான காலனி இது. சுற்றுச்சுவர் கிடையாது. மரங்கள் தெருவுக்கு மேல் கூரை போட்டிருக்கின்றன. காலையில் வாசல்தோறும் துளையிட்ட தகர டப்பாவால் சுண்ணாம்புப்பொடிக் கோலம் போடுகிறார்கள். டப்பாவைத் தட்டினால் மீன், பூ, பறவை என்று அச்சு விழும். நம் ஊர்க் கோலத்தைக் கையால் போட்டே பழகிய எனக்கு, அந்தத் தட்டலும் தூக்கலும் பார்க்கப் பார்க்க அலுக்கவில்லை.

ஒரு காலத்தில் ஒவ்வொரு பார்சி வீட்டிலும் ஓர் அறையை இதற்கென்று கழுவி வெள்ளையடித்து ஒதுக்குவார்களாம். இப்போது பெரும்பாலான குடும்பங்கள் அகியாரியிலேயே, அதாவது தீக்கோயிலிலேயே, இறந்தவர் பெயரில் பூ ஜாடியை வைத்துவிடுகின்றன. ஃபிளாட் சின்னது, தீ அணையாமல் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், வீட்டுக்கு வந்து ஓதப் பூசாரிகளும் குறைவு. தோழியின் அம்மா, ஆன்ட்டி, இரண்டையும் செய்கிறார். காலனிக்குள் இருக்கும் ருஸ்தம் ஃபராம்னா அகியாரியில் அங்கிளின் பெயரில் ஒரு ஜாடி. வீட்டில் பின்னறையில் ஒரு பளிங்கு மேசை.

அந்த அறைக்குள் பார்சி அல்லாதவர் போகக் கூடாது. கதவுக்கு வெளியே எனக்கு ஒரு நாற்காலி போட்டுத் தந்தார்கள். இங்கிருந்தே எல்லாம் தெரிந்தது. மேசைமேல் நான்கு பழைய வெள்ளி ஜாடிகள், ஒரு புதுசு. ஒவ்வொன்றிலும் பூ. பக்கத்தில் கராஸ்யோ என்கிற சின்ன உலோகப் பாத்திரத்தில் தண்ணீர், தினமும் மாற்றுகிறார்கள். எண்ணெய் விளக்கு பத்து நாளும் அணையாது. காலையும் மாலையும் அஃபர்கான்யு என்கிற தீக்கலத்தில் சந்தனக்கட்டையும் லோபானும் (சாம்பிராணி) போடும்போது புகை கதவு வழியாக வந்து என் மடியில் உட்கார்ந்துகொள்கிறது. புது ஜாடியில் அங்கிளின் பெயர் பொறித்திருந்தது. வெள்ளி இன்னும் கறுக்கவில்லை என்பதால் அது மட்டும் தனியாகப் பளிச்சென்று நின்றது.

மதியம் சாப்பாட்டுக்கு முன் தட்டில் அங்கிளுக்குப் பிடித்த பபேட்டா பர் ஈடு, உருளைக்கிழங்கின் மேல் முட்டை உடைத்து ஊற்றி மூடிவைத்து வேகவைப்பது. அதை விளக்கின் முன் வைத்து, இறந்தவர்களுக்கான பிரார்த்தனையான ஸ்தூம் ஓதினார் ஆன்ட்டி. உணவின் மணத்தைத்தான் இறந்தவர்கள் எடுத்துக்கொள்வார்கள் என்பது நம்பிக்கை. பிறகு அதே தட்டை வெளியே கொண்டுவந்து எல்லாரும் சாப்பிட்டோம். "உப்பு குறைச்சல்னு இப்ப சொல்லியிருப்பார்" என்றார் ஆன்ட்டி. உப்பு உண்மையிலேயே கொஞ்சம் குறைவுதான்.

ஆகஸ்ட் 9, அதே வீடு

இன்று ஒரு நோட்டுப் புத்தகம் பார்த்தேன். நேற்றைய வெள்ளி ஜாடிகளைவிட இதுதான் என்னை அசைத்தது.

நாம்கிரஹண் என்கிறார்கள். குடும்பத்தில் இறந்த ஒவ்வொருவரின் பெயரும் வரிசையாக எழுதிவைத்த ஏடு. எல்லாம் குஜராத்தி எழுத்து. முதல் பக்கங்கள் அங்கிளின் பாட்டி எழுதியவை. மை பழுப்பாகிவிட்டது. பிறகு கையெழுத்து மாறுகிறது, மறுபடி மாறுகிறது. முக்தாத்தில் பூசாரி ஓதும்போது இந்தப் பெயர்களை ஒன்று விடாமல் வாசிக்க வேண்டும்.

வெறும் பெயராக வாசிப்பதில்லை. பூசாரிக் குடும்பத்தில் பிறக்காதவர் என்றால் 'பெஹ்தின்'. பூசாரியாகத் தீட்சை பெற்றவருக்கு 'எர்வத்'. பூசாரிக் குடும்பத்தில் பிறந்தும் தீட்சை பெறாதவர் 'ஓஸ்தா', அந்தக் குடும்பத்துப் பெண் என்றால் 'ஓஸ்தி'. இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்று தந்தையின் பெயரும் சேர்ந்து வரும். நவ்ஜோத் என்னும் தீட்சைச் சடங்குக்கு முன்பே இறந்துவிட்ட குழந்தைகளுக்கு 'குர்த்' என்ற அடைமொழி. ஒரு பக்கத்தில் மட்டும் அடுத்தடுத்து மூன்று குர்த். ஒரே தாயின் பிள்ளைகள். ஆன்ட்டியின் விரல் அந்த இடத்தில் ஒரு கணம் நின்றது. அந்தக் குழந்தைகளைப் பார்த்த எவரும் இன்று உயிரோடில்லை. ஆனாலும் ஒவ்வோர் ஆண்டும் யாரோ ஒருவர் வாய்விட்டு அவர்களைக் கூப்பிடுகிறார்.

தர்ப்பணத்தில் நாம் மூன்று தலைமுறைப் பெயர் சொல்கிறோம். அதற்கு மேலே இருப்பவர்கள் பெயரில்லாமல் ஒன்றாகக் கலந்துவிடுகிறார்கள். இங்கே ஏடு கிழியாத வரை பெயர் நிற்கிறது. என் அப்பாவின் பாட்டியின் பெயர் என்ன என்று இரவெல்லாம் யோசித்துப் பார்த்தேன். ஊருக்குப் போனதும் பெரியப்பாவிடம் கேட்க வேண்டும்.

ஜொராஸ்திரியர்களுக்குப் பெயர் இவ்வளவு முக்கியமானதற்கு ஒரு காரணம் எனக்குத் தோன்றுகிறது. மரபுப்படி இவர்களுக்குக் கல்லறை இல்லை, அஸ்தி இல்லை. மண்ணும் தண்ணீரும் தீயும் புனிதம். பிணத்தால் அவற்றைத் தீட்டுப்படுத்தக் கூடாது. அதனால் உடலை மலபார் ஹில் டூங்கர்வாடியில் பறவைகளுக்கும் வெயிலுக்கும் விட்டுவிடுகிறார்கள். கால்நடைகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் மருந்தால் 1990-களில் கழுகுகள் அழிந்துபோன பிறகு, பெரும்பாலும் வெயில்தான். போய் நிற்க ஓர் இடம், தொட ஒரு கல், கரைக்க ஒரு பிடி சாம்பல், எதுவும் மிஞ்சாத மரணம். மிஞ்சுவது பெயர் ஒன்றுதான். அதற்குத்தான் இந்த ஜாடி, இந்தப் பூ, இந்த ஏடு.

இவர்களின் புனித நூலான அவெஸ்தாவின் 13-ஆவது யஷ்த் (துதிப்பாடல்), ஃபர்வர்தின் யஷ்த், இதைத்தான் பாடுகிறது. ஃப்ரவஷிகள் பத்து இரவும் சுற்றிவந்து கேட்கின்றனவாம்: எங்களை யார் போற்றுவார், உணவும் உடையும் கையில் ஏந்தி யார் எங்களை வரவேற்பார், எங்களில் யாருடைய பெயரைச் சொல்வார்கள் என்று. தோழி இதைச் சொல்லிவிட்டு ஏட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். அப்பாவின் பெயரை அவளேதான் எழுதியிருக்கிறாள். பள்ளியில் குஜராத்தி படிக்காதவள். ஒரு வாரம் எழுதிப் பழகியிருக்கிறாள்.

ஆகஸ்ட் 10

இன்றிலிருந்து ஐந்து நாள் காதா நாட்கள். பார்சி மாதம் ஒவ்வொன்றும் முப்பது நாள். பன்னிரண்டு மாதம் போக மிஞ்சும் ஐந்துக்கும் இவர்களின் இறைத்தூதர் ஜரதுஷ்டிரர் பாடிய காதா பாடல் தொகுதிகளின் பெயர்களையே வைத்திருக்கிறார்கள். இன்று அஹுனவத். வீட்டில் பேச்சு குறைந்துவிட்டது. நாளை குஜராத்தில் இருக்கும் உத்வாடா.

ஆகஸ்ட் 11, உத்வாடா

காலை ரயிலில் வந்தோம். ஸ்டேஷனிலிருந்து ஊருக்கு ஆட்டோ. வழியெல்லாம் மாந்தோப்பு, ஈர வயல். கடற்கரைக் கிராமம். மரத்தூண் திண்ணைகளோடு பழைய வீடுகள். பாதிக்கு மேல் பூட்டுத் தொங்கியது; உரிமையாளர்கள் மும்பையிலோ வெளிநாட்டிலோ. முக்தாத்துக்காகத் திறந்த வீடுகளில் மட்டும் வாசலில் கோலமும் தோரணமும். தெருவில் நடந்தால் யார் வந்திருக்கிறார்கள், யார் வரவில்லை என்பது வாசலைப் பார்த்தே தெரிந்துவிடுகிறது.

தங்கிய இடத்தில் புதினாவும் எலுமிச்சைப்புல்லும் போட்ட சோய் கொடுத்தார்கள். மழைக்கு அதைவிட நல்ல டீ கிடையாது.

ஆகஸ்ட் 12, உத்வாடா

ஈரான்ஷா ஆதஷ் பெஹ்ராம். தீக்கோயில்களில் மிக உயர்ந்த நிலையில் இருப்பவைதான் ஆதஷ் பெஹ்ராம்கள். இந்தியாவில் மொத்தம் எட்டு ஆதஷ் பெஹ்ராம்கள்தான்: மும்பையில் நான்கு, சூரத்தில் இரண்டு, நவ்சாரியில் ஒன்று, இங்கே ஒன்று. எல்லாவற்றிலும் மூத்தது இந்தத் தீ. ஈரானிலிருந்து கடல் வழியே வந்தவர்கள் சஞ்சானில் நிறுவியது. படையெடுப்புக்கு அஞ்சி பாஹ்ரோத் குகைகளில் ஒளித்தார்கள், வன்ஸ்தாவுக்குக் கொண்டுபோனார்கள், நவ்சாரியில் நெடுங்காலம் இருந்தது, 1742-இல் உத்வாடா வந்தது. இப்போதைய கட்டடம் மோத்லிபாய் வாடியா என்ற பெண்மணியின் கொடை, 1894.

நான் வாசலுக்கு வெளியே. தோழியும் ஆன்ட்டியும் தலையில் துணி கட்டிச் சந்தனக்கட்டையோடு உள்ளே போனார்கள். எனக்கு வருத்தமில்லை. ஒரு வீட்டில் எதை யாருக்குக் காட்ட வேண்டும் என்பது அந்த வீட்டாரின் உரிமை. எதிர்த்திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு நாளின் ஐந்து பொழுதுகளிலும் தீக்குக் கட்டை இட்டு மணி அடிக்கும் போய் சடங்கு நடக்கும். ஒன்பது பூசாரிக் குடும்பங்கள் முறைவைத்துச் செய்கின்றன.

திண்ணைக்குச் சொந்தக்காரரான பெரியவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். இந்தத் தீ பதினாறு தீக்களைச் சேர்த்து உருவானது என்றார். பொற்கொல்லன் உலை, குயவன் சூளை, மின்னல் விழுந்து பற்றிய மரம் என்று விரல்விட்டுக்கொண்டே வந்தவர், "அதில் ஒன்று பிணம் எரித்த தீ, தெரியுமா?" என்றார். ஆமாம். பிணத்தை எரிக்கவே கூடாது என்கிற மதத்தின் ஆகப் புனிதமான தீயில் சிதைத் தீயும் இருக்கிறது. 91 முறை தூய்மைப்படுத்திச் சேர்த்தார்கள். ஒரு தீயின் சூட்டில் அடுத்ததைப் பற்றவைத்து, அதன் சூட்டில் இன்னொன்றைப் பற்றவைத்து, தொட்டுக்கொள்ளாமலே மாற்றி மாற்றி. தீட்டுப்பட்ட தீயைக் கைவிடாமல் மீட்டெடுப்பதும் கடமை என்று நினைத்திருக்கிறார்கள். இந்தப் பயணத்தில் நான் கேட்ட விஷயங்களில் மிகப் பெரிது இதுவே.

பிள்ளைகள் எங்கே என்று கேட்டேன். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் மகன் கனடாவில். 2001 கணக்கெடுப்பில் இந்தியப் பார்சிகள் 69,601 பேர், 2011-இல் 57,264. புள்ளிவிவரமாகப் படிக்கும்போது உறைக்காதது, பூட்டிய வீடுகள் நடுவே ஒரு திண்ணையில் உட்கார்ந்து கேட்கும்போது உறைக்கிறது. "உங்களுக்கு யார் ஜாடி வைப்பார்கள்?" என்ற கேள்வி என் நாக்கு வரை வந்து நின்றுவிட்டது. அவரே சொன்னார்: "என் பெயருக்குப் பணம் கட்டிவிட்டேன். பூசாரி வைப்பார். அதற்கும் ஆள் இல்லாதவர்களுக்குப் பொதுவில் வைக்கிறார்கள். அப்புறம், முதல் மனிதன் கயோமர்த்தில் தொடங்கிக் கடைசியில் வரப்போகும் சவோஷ்யந்த் வரைக்கும் எல்லா நல்லவர்களின் ஃப்ரவஷியையும் வணங்குகிறோம் என்று யஷ்த்தில் இருக்கிறது. நடுவில் நானும் எங்கோ இருப்பேன்."

சொல்லிவிட்டு உள்ளே போய் ஒரு தட்டில் பத்தாசா பிஸ்கட் கொண்டுவந்தார். "சாப்பிடு தீக்ரா" என்றார். சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 13, நவ்சாரி

பகார்சாத் என்னும் பூசாரிப் பிரிவினரின் ஊர். 1765-இல் நிறுவிய ஆதஷ் பெஹ்ராம் இங்கே. தாதாபாய் நவ்ரோஜியின் குடும்பமும் ஜம்ஷெத்ஜி டாடாவின் குடும்பமும் இந்த ஊரோடு பிணைந்தவை. மெஹர்ஜி ராணா நூலகத்தைப் பார்த்துவிட்டு, கோலா கடையில் கரும்பு வினிகரும் ஊறுகாயும் வாங்கினோம்.

மதியச் சாப்பாட்டில் நாட்காட்டிப் பேச்சு வந்தது. ஆண்டுக்கு 365 நாள் மட்டுமே, லீப் நாள் கிடையாது என்பதால் வசந்தத்துக்கு முன்னால் வர வேண்டிய முக்தாத் நகர்ந்து நகர்ந்து மழைக்காலத்துக்கு வந்துவிட்டது. அது போதாதென்று, இந்தியப் பார்சிகள் ஒருமுறை கூடுதலாக ஒரு மாதம் சேர்த்துக்கொண்டதால் ஈரானியரைவிட ஒரு மாதம் பின்தங்கிப்போனார்கள். 18-ஆம் நூற்றாண்டில் ஈரானிலிருந்து வந்த ஒரு தஸ்தூர், அதாவது மூத்த பூசாரி, இதைக் கண்டுபிடித்துச் சொன்னதும் சமூகமே இரண்டானது. பழக்கத்தை விடாதவர்கள் ஷாஹென்ஷாஹி, ஈரான் கணக்குக்கு மாறியவர்கள் கத்மி. கத்மிகளின் முக்தாத் ஜூலையிலேயே முடிந்துவிட்டது. 1906-இல் தொடங்கிய ஃபஸ்லி இயக்கத்தார் மார்ச் 21-இல் புத்தாண்டு கொண்டாடுகிறார்கள்.

அப்படியென்றால் ஃப்ரவஷிகள் எப்போதுதான் வருகின்றன? சாப்பிட்டுக்கொண்டிருந்த பூசாரி யோசிக்கவே இல்லை. "எந்த வீட்டில் எப்போது கூப்பிடுகிறார்களோ அப்போது" என்றார். எனக்கு இது தப்பிக்கிற பதிலாகத் தோன்றவில்லை. பெயர் சொல்லி அழைப்பதுதான் முக்தாத் என்றால் வேறு பதில் இருக்கவும் முடியாது.

ஆகஸ்ட் 14, மீண்டும் தாதர்

காதா நாட்களில் கடைசி, வஹிஷ்தோயிஷ்த். வீட்டில் பூவெல்லாம் புதிதாக மாற்றினார்கள். மலிதோவும் பாப்டியும் செய்தார் ஆன்ட்டி. ரவை, கோதுமை மாவு, நெய், சர்க்கரை சேர்த்துக் கிளறக் கிளற மலிதோவின் மணம் மாடிப்படி வரைக்கும் போனது.

இவர்களுக்கு நாள் விடியலில்தான் மாறும். அதனால் இன்றிரவு முழுக்க இன்னும் பழைய ஆண்டுதான். ஈரானில் யஸ்த் பக்கத்துக் கிராமங்களில் இந்தக் கடைசி விடியலுக்கு முன் மொட்டை மாடியில் தீ மூட்டி வழியனுப்புவார்கள் என்று தோழி சொன்னாள். இங்கே மூன்றரை மணிக்கு அகியாரிக்குப் போக வேண்டும். அலாரம் வைத்தாயிற்று. யாரும் தூங்குகிற மாதிரி தெரியவில்லை.

ஆகஸ்ட் 15, தாதர்

அகியாரி வாசல். மழை விட்டிருந்தது. இருட்டில் டக்லி என்கிற வெள்ளை மேலங்கி போட்ட ஆண்கள், தலையில் துணி கட்டிய பெண்கள், தூக்கம் கலையாத பிள்ளைகள். உள்ளே மேசை மேசையாக ஜாடிகள், ஒவ்வொன்றின் முன்னும் அந்தந்தக் குடும்பம் என்று தோழி பிறகு சொன்னாள். நான் வெளியே நடைபாதையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஓதும் குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வந்தன. சொற்கள் பிரிபடவில்லை. 'பெஹ்தின்' மட்டும் அவ்வப்போது தனியாகக் காதில் விழுந்தது. ஒவ்வொரு பெஹ்தினுக்குப் பிறகும் ஒரு பெயர்.

வெளியே வந்தபோது ஆன்ட்டியின் முகம் அழுதிருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்தப் பத்து நாளும் அவர் வீட்டில்தான் இருக்கிறார் என்று நிம்மதியாக இருந்தேன். இப்போது அனுப்பிவிட்டேன்" என்றார். வீட்டுக்கு வந்ததும் கராஸ்யோவில் இருந்த தண்ணீரைப் பால்கனித் துளசியின் அடியில் ஊற்றினார். அரைமணி நேரத்தில் அவரே குளித்து, புதுப்புடவை கட்டி, "நவ்ரோஸ் முபாரக்" என்று எல்லாரையும் எழுப்பினார். தூங்காதவர்களையும் சேர்த்துத்தான். காலையுணவுக்குச் சேவ், இனிப்புத் தயிர், அவித்த முட்டை. கீழே காலனியில் சுதந்திர தினக் கொடி ஏறியது. துக்கம் ஒரு விடியலில் தீர்ந்துவிடாது. ஆனால் அழவும் சிரிக்கவும் இவர்களிடம் தனித்தனி நாள் இருக்கிறது, இரண்டையும் முழுதாகச் செய்கிறார்கள்.

சென்னைக்காரர்களுக்கு ஒரு தகவல். ராயபுரம் அரத்தூண் சாலையில் நம் ஊரின் அகியாரி இருக்கிறது: ஜால் ஃபிரோஜ் கிளப்வாலா தர்-எ-மெஹர். இறந்துபோன மகன் ஜாலின் நினைவாகத் தந்தை ஃபிரோஜ் கிளப்வாலா 1910-இல் கட்டியது. எத்தனையோ முறை அந்தப் பலகையைப் படித்துக்கொண்டு கடந்திருக்கிறேன். அது ஒரு பிள்ளையின் பெயர் என்பது இப்போதுதான் மனதில் ஏறுகிறது.

அடுத்த ஆண்டும் முக்தாத் ஆகஸ்ட் 5-இல்தான் தொடங்கும். 2028-இல் ஒரு நாள் முன்னால் நகரும். தோழி செப்டம்பர் 2 வரை மும்பையிலேயே இருக்கிறாள். அன்று ஃபர்வர்தின் மாதத்தின் ஃபர்வர்தின் நாள், இறந்தவர்களுக்காக டூங்கர்வாடியில் ஜஷன் என்னும் பொதுச் சடங்கு நடக்கும். ஆன்ட்டியைத் தனியாக அனுப்ப அவளுக்கு மனமில்லை. எனக்கு இன்றிரவு ரயில்; ஆன்ட்டி மலிதோவை டப்பாவில் கட்டிக்கொண்டிருக்கிறார்.